ஏலம் போன சிம்மாசனம்

கேள்வி: வீழ்ந்துபட்ட சாம்ராஜ்யங்களின் வியாதி இக்காலத்து ஜனநாயகங்களுக்கும் உண்டா, ஐயா?

பதில்: கி.பி. 193-ஆம் ஆண்டில், பெர்டினாக்ஸ் சக்கரவர்த்தியைக் கொன்றுபோட்ட ரோமாபுரி மெய்காவற்படையினர், அந்த இரத்தத்தின் ஈரம் உலருமுன்னரே பாசறை மதில்மேல் நின்று சிம்மாசனத்தை ஏலங்கூற, டிடியஸ் ஜூலியானஸ் என்னும் தனவந்தர், வீரன் ஒருவனுக்கு 25,000 செஸ்டர்ஸ் காசு வீதம் கொடுப்பதாக வாக்களித்து அதனைத் தட்டிக்கொண்டு போனார்; வாங்கிய சரக்கு அவர் கையில் நிலைத்ததோ 66 நாட்களே. இக்காலத்தில் அத்தகைய அநாகரிகம் கிடையாது. அங்கே நடந்தது மொத்த வியாபாரம். இங்கே வீடுவீடாகச் சில்லறை!

பின்வந்த சக்கரவர்த்திகள், படையின் சம்பளத்துக்கு வரிப்பணம் போதாத போதெல்லாம் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டியதன் பயனாக, அகஸ்டஸ் காலத்தில் ஏறக்குறைய சுத்த வெள்ளியாயிருந்த ரோமானியக் காசு, காலியெனஸ் மாண்ட 268-ஆம் ஆண்டுக்குள் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லாத வெறும் பூச்சாகி, நாணயத்தில் நாணயமே இல்லாமற் போயிற்று. அவர்களுக்குச் செம்பாவது வேண்டியிருந்தது, பாவம். நமக்குக் காகிதமே போதும்.

கேள்வி: அப்படியானால் வித்தியாசமே இல்லையா?

பதில்: ஏன் இல்லை? ஜூலியானஸை அரண்மனையிலிருந்து அப்புறப்படுத்த ஒரு சிப்பாயின் வாள் தேவைப்பட்டது. ஐரோப்பிய மகாயுத்தத்தில் வெற்றி தேடித்தந்த சர்ச்சிலை, வெற்றி விழாவின் தோரணம் வாடுமுன்னே, 1945 ஜூலையில் பிரிட்டிஷ் ஜனங்கள் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டே வீட்டுக்கு அனுப்பினார்கள். அவரும், முணுமுணுத்துக்கொண்டேயாயினும், போனார்.