கடல் மட்டத்துக்கு அடியில்

விடுமுறைக்குப் படகேறிக் கடலோரம் போய்வரும் பாக்கியம் கோலார் தங்கவயலுக்கு இல்லை. ஊர் இருப்பது கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 850 மீட்டர் மேலே. பாலாறு என்னவோ பக்கத்துப் பேத்தமங்கலம் வழியாகத்தான் போகிறது. வாயலூரில் கடலைத் தொடும். படகு விட்டால் நேராக வங்கக் கடல்! தண்ணீர் மட்டும் வேண்டும். மணலும் லாரியேறிப் போய்விட்டது.

ஆனால் 2001இல் சுரங்கத்தை மூடுவதற்கு முன்பு, நம் தாத்தாமார் கூண்டேறி சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். கணக்குப் போட்டால், கடல் மட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் அடியில். காற்று இல்லை, சுண்டல் இல்லை. உப்பு மட்டும் வியர்வையில் தாராளம்.

பேரன்மார் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே 2022 செப்டம்பர் மழையில் சாலையிலேயே படகு விட்டார்கள்.