சர்க்கரை வேஷம்

கே: முன்பின் தெரியாத எது உள்ளே வந்தாலும் உடம்பு சண்டைக்குப் போகும் என்கிறார்களே, சர்க்கரைப் பூச்சு பூசி வரும் கிருமியிடம் மட்டும் ஏன் ஏமாறுகிறது?

ப: யாருடைய உடம்பு? பெரியவர்களிடம் அந்த வேஷம் பெரும்பாலும் பலிக்காது. 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் பலிக்கும்!

மூளைக்காய்ச்சல் தரும் ஹிப் பாக்டீரியாவின் மேலுறை ஒரு சர்க்கரைச் சங்கிலி. நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்களோ பொதுவாகப் புரதத் துணுக்குகளைத்தான் அடையாளம் காணும். அவை தூண்டிவிடாமல், பிஞ்சுக் குழந்தையின் எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்கள் வெறும் சர்க்கரைக்கு அசைவது அபூர்வம். ஆக, ஒரு பொருள் ஆன்டிஜென்னாக, அதாவது எதிர்ப்பைத் தூண்டும் பொருளாக, வேலை செய்ய அந்நியமாக இருந்தால் மட்டும் போதாது.

இதற்கு வழி 1929-லேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் ஏவரி, கோபெல் என்ற விஞ்ஞானிகள் சர்க்கரையைப் புரதத்தோடு பிணைத்து முயல்களுக்குச் செலுத்தினார்கள், எதிர்ப்பொருள் சுரந்தது. இன்று பல ஹிப் தடுப்பூசிகளில் சர்க்கரைக்குத் துணைபோவது எது தெரியுமா? நஞ்சு நீக்கிய டெட்டனஸ் புரதம்!

ஹிப் அடங்கிய பென்டாவேலன்ட் தடுப்பூசியை இந்தியா 2011 டிசம்பரில் முதலில் தொடங்கியது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான். அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். குழந்தை பிறந்த 6, 10, 14-வது வாரங்களில் போட வேண்டும். ஒரு தவணையையும் விட்டுவிடாதீர்கள்.