நோட்டீஸ் இலக்கணம்: திண்டுக்கல் வழக்கு

இஃது என் நுதலிற்றோ எனின், வேலையை விடுகிறவன் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பதை உணர்த்துதல் நுதலிற்று.

முதற்கண் சொல்லாராய்ச்சி. ஒருவன் கடையை விட்டுப் போய்விட்டால், ‘அவன் நின்னுட்டான்’ என்கிறோம். போனவன் நின்றவன் ஆகிறான். நிற்கிறவனை ‘வேலைக்குப் போறான்’ என்கிறோம். இந்த வினைமுரணைத் தீர்க்காமல் நாள் கணக்குக்குள் இறங்கியதே இத்துறையில் முன்னோர் செய்த பிழை. ‘நோட்டீஸ்’ என்ற சொல்லும் இடர் தருவது. திண்டுக்கல்லில் நோட்டீஸ் என்றால் திருவிழா நோட்டீஸ், கடைத் திறப்பு நோட்டீஸ், வங்கி ஏல நோட்டீஸ். ‘நோட்டீஸ் கொடுக்கணும்ணே’ என்று ஒரு கடைப் பையன் சொன்னால், ‘எத்தனை ஆயிரம் அடிக்கணும்?’ என்று முதலாளி கேட்பது இயல்பே.

இனி நூல் வழக்கு. பெரிய ஆலைகளுக்கான 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் மாதிரி விதிகள், மாதச் சம்பள நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு மாதம், மற்ற நிரந்தரத் தொழிலாளிக்கு இரண்டு வாரம் என வகுத்தன. பதிலித் தொழிலாளிக்கு ஒன்றுமில்லை. 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவோ, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவனை நிறுத்த முதலாளி ஒரு மாத அறிவிப்போ அதற்கீடான சம்பளமோ தர வேண்டும் என்கிறது. பையன் முதலாளியை நிறுத்தினால் என்ன செய்வது என்று அப்பிரிவு பேசவில்லை. 2019-ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டம், விலகியவனுக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்கச் சொல்கிறது. செவ்வாய், வெள்ளி கல்லாவிலிருந்து பணம் வெளியே போகக் கூடாது என்பதை அச்சட்டம் கணக்கில் கொண்டதாகத் தெரியவில்லை.

உலக வழக்குக்கு நூற்பா இல்லாத குறையை நானே தீர்த்தேன்:

முன்பணம் வாங்கினோன் முன்சொலல் வேண்டும்;
போனஸ் வாங்கினோன் பின்சொலல் பொருந்தும்.

இதன் உரை: பரோட்டா மாஸ்டர் சேரும்போதே அட்வான்ஸ் வாங்கிவிடுகிறார். அது சம்பளத்தில் கழியும்வரை அவருக்கு நோட்டீஸ் காலம்; கழிகிற நேரத்தில் தங்கைக்குச் சீர் வந்துவிடும், காலம் நீளும். அட்வான்ஸை அடுத்த கடைக்காரர் மொத்தமாகக் கட்டிக் கூட்டிப் போனால், நோட்டீஸ் ஸ்கூட்டரில் ஏறும் நேரம்தான். இரண்டாம் அடி தீபாவளியைக் குறித்தது. போனஸ் கைக்கு வரும்வரை ‘அண்ணே, அண்ணே’ என்று சுற்றியவன், மறுநாள் ஊருக்குப் போய் அங்கிருந்து தம்பியிடம் சொல்லியனுப்புவான். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக் கடையில் நிற்கக் கூடாது என்பது மட்டும் விதிவிலக்கில்லாத விதி. சீரக சம்பா வெந்துகொண்டிருக்கும்போது அடுப்பை விட்டுப் போனவனை இந்த ஊர் மன்னித்ததாகச் சான்றில்லை.

மாற்றுத் தரப்பும் உண்டு. பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகள் தொண்ணூறு நாள் நோட்டீஸ் என்கிறார்கள். இதை வெங்காய மண்டிப் பெரியவர் ஒருவரிடம் வைத்தேன். ‘மூணு மாசமா? சின்ன வெங்காயத்த நட்டுப் பிடுங்கிப் பட்டறையே போட்டுரலாமேப்பா! அம்புட்டு நாளு அந்தப் பய அங்க என்ன செய்வான்?’ என்றார். அதையேதான் அந்தப் பயலும் என்னிடம் கேட்டான்.

இம்மாவட்டத்துப் பஞ்சாலைகளிலும் மூன்று ஆண்டுக் கணக்கு ஒன்று இருந்தது. ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர். மூன்று ஆண்டை முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று சொல்லிப் பெண்களை விடுதியில் வைத்தார்கள். நடுவில் நின்றவர்கள் தொகையை இழந்தார்கள். இதை எந்த இயலில் சேர்ப்பது என்று பார்த்தேன். என் நூற்பா அங்கே செல்லாது.

ஆய்வின் கடினமான பகுதி ‘போய்ட்டு வாரேன்ணே’ என்ற தொடர். ‘போறேன்’ என்பது தமிழில் அமங்கலம். ஆகவே நிரந்தரமாக நிற்கிறவனும், டீ குடிக்கப் போகிறவனும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். வேறுபாடு சொல்லில் இல்லை, பொருளில் உண்டு: டீக்குப் போகிறவன் டிபன் பாக்ஸை வைத்துவிட்டுப் போகிறான்.

இதனினும் உறுதியான சான்று சாவி. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுகளின் ஊரில், கடை திறக்கும் பையனின் இடுப்பில்தான் சாவிக்கொத்து இருக்கும். எழுத்தில் கொடுத்தால் மடித்து வைப்பார்கள், வாயால் சொன்னால் ‘பாப்போம்’ என்பார்கள். சாவியை முதலாளி கைநீட்டி வாங்கினால்தான் விலகல் நிறைவுறும். வாங்கும்வரை ஓடுவதெல்லாம் நோட்டீஸ் காலமே என்பது என் துணிபு.

இத்துணிபுக்கு வந்த வழியைச் சொல்வது ஆய்வாளன் கடன். ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சட்டப் புத்தகம் படித்த தெம்பில், முப்பது நாள் குறித்து முறையாகக் கடிதம் கொடுத்தேன். முதலாளி கண்ணாடி போட்டுப் படித்தார், ‘எழுத்து நல்லாருக்கு’ என்றார், கல்லாவுக்குள் போட்டார். முப்பதாம் நாள் இரவு ஷட்டரை இறக்கி, மாங்காய்ப் பூட்டைப் பூட்டி, சாவிக்கொத்தை நீட்டினேன். அவர் கையில் வெற்றிலை இருந்தது. ‘நீயே வச்சிருப்பா, காலைல வாங்கிக்கிறேன்’ என்றார்.

அது ஆறு வருடத்துக்கு முன்பு. புறனடை இன்னும் எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் நாளைக்கு ஸ்டாக் எடுக்கிறார்கள், எட்டரைக்கே போய்க் கடையைத் திறக்க வேண்டும்.