பச்சைப் புள்ளிக்குக் காவல்

ஏலே பேராண்டி, காளியம்மன் பொங்கலுக்குன்னு லீவு போட்டுட்டுத்தானே வந்த? மேளக்காரன் வாசிச்சு முடிச்சான், சப்பரம் தெருவைச் சுத்தி வந்துருச்சு, சாமியே கோயிலுக்குள்ள போய்ப் படுத்தாச்சு. நீ மட்டும் கக்கத்துல லேப்டாப்பை இடுக்கிக்கிட்டு வேப்பமரத்தடியில டவர் தேடிக்கிட்டு நிக்க. வரி குடுத்தது உங்கப்பன், பொங்கலைப் பார்த்தது பக்கத்து ஊர்க்காரன்.

நேத்து மத்தியானம் பார்த்தேன், ஒரு கூத்து. உங்க ஆச்சி கெடாக்கறி வச்சுப் போடுதா. நீ வலது கையால சோத்தைப் பிசையுத, இடது கையால அந்த மவுசை நிமிசத்துக்கு ஒருக்கா அசைச்சு விடுத. என்னலேன்னு கேட்டா, "அசைக்கலைன்னா, ஆள் வேலையில இருக்கேன்னு காட்டுற பச்சைப் புள்ளி மஞ்சளாயிரும் தாத்தா, மேனேஜர் பார்த்துருவாரு"ங்க. லீவுலதானலே இருக்க? "லீவுதான், இருந்தாலும்..."

அந்த 'இருந்தாலும்'க்கு உனக்கு யாரும் சம்பளம் குடுக்கல, தெரியுமா?

ஆள் குறைக்காங்க, பயமா இருக்குன்னு சொல்லுத. நியாயம்தான். பயந்தவனைக் கேலி பண்ணுறது எனக்குப் பிடிக்காது. ஆனா பயந்துபோய் ஒருத்தன் செய்யுற கோட்டித்தனத்தைக் கேலி பண்ணாம இருக்கவும் முடியல. பகல் ஒன்பது மணிக்கு உக்காந்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும் எந்திரிக்காம இருந்தா வேலை நிக்கும்னு எவன் உனக்குச் சொன்னான்?

வா, கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான் எட்டாங்கிளாஸ்தான், ஆனா கணக்குல தோத்ததில்ல. 2025 ஜூலையில டி.சி.எஸ். என்ன சொல்லுச்சு? மொத்த ஆள்ல நூத்துக்கு ரெண்டு பேரை அனுப்பப்போறோம்னு. அது 12,000 பேருக்கு மேல. அதே கம்பெனி அந்த ஏப்ரல், மே, ஜூன் மூணு மாசத்துல பார்த்த லாபம் 12,000 கோடி ரூபாய்க்கு மேல. பேப்பர்ல ரெண்டும் வந்துச்சு, நான் ரெண்டையும் சேர்த்து வச்சு வகுத்தேன். போற ஒவ்வொருத்தன் தலைக்கும் ஒரு கோடி விழுது. மூணு மாச லாபம் மட்டும்லே அது! நஷ்டப்பட்டு ஆளை நிறுத்தினா சரி, கையில இல்ல, என்ன செய்வான்னு விட்டுரலாம். இது நஷ்டமில்ல. அமெரிக்காக்காரன் புது வேலை குடுக்கத் தயங்குதான், ஏ.ஐ. வந்துருச்சு, நடுவுல இருக்கிற சீனியர் சம்பளம் கனமா இருக்கு, கழிச்சுவிடுதாக.

அந்தக் கழிவுப் பட்டியல்ல எவன் பேர் ஏறும்னு நினைக்க? ராத்திரி சீக்கிரம் தூங்கினவன் பேரா? அதே கம்பெனி 2025 ஜூன்ல ஒரு விதி போட்டுச்சு: வருசத்துல 225 நாளாவது கிளையண்ட் வேலையில இருக்கணும், பெஞ்சுல 35 நாளுக்கு மேல உக்காரக்கூடாதுன்னு. கிளையண்ட் எங்க இருக்கான்? டெக்சாஸ்லயோ லண்டன்லயோ. அவன் பிராஜெக்டை நிறுத்தினா நீ பெஞ்சு. நிறுத்தலைன்னா நீ பிராஜெக்டு. இதுல ராத்திரி 11.40க்கு நீ "நோட்டட், வில் டூ"ன்னு போட்ட மெயில் எந்தக் கட்டத்துல வருதுன்னு எனக்குக் காட்டு. எக்செல் ஷீட்ல உன் சம்பளத்துக்கு ஒரு கட்டம் இருக்கும், பில்லிங்குக்கு ஒரு கட்டம் இருக்கும். உன் கண்ணுக்குக் கீழ இருக்கிற கருவளையத்துக்குக் கட்டம் கிடையாதுடே.

பெரிய மனுசங்க இதுக்கு வேற சாமியாடி விடுதாக. 2023ல நாராயண மூர்த்தி வாரத்துக்கு 70 மணி நேரம் உழைங்கன்னாரு. எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 2025 ஜனவரியில ஏலத்தை 90க்கு ஏத்தினாரு. ஞாயித்துக்கிழமை வீட்டுல உக்காந்து எவ்வளவு நேரந்தான் பொண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கிட்டு இருப்பீங்கன்னு கேட்டாரு. நான் அம்பது வருசமா உங்க ஆச்சி முகத்தைப் பார்க்கேன், எனக்கொண்ணும் சலிக்கல. அவளுக்குத்தான் என் முகம் சலிச்சு, பேசும்போது சுவரைப் பார்த்துப் பேசுதா. அது கிடக்கட்டும். அந்த ஐயாவுக்கு 2023-24ல சம்பளம் 51 கோடி. 51 கோடி குடுத்தா, உங்க ஆச்சியே என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் ஆபீஸ்ல உக்கார வச்சு, வெளிய தாழ்ப்பாளும் போட்டுட்டு வந்துருவா.

நீ வாங்குறது 51 கோடியா? அப்புறம் என்ன எழவுக்கு அவுக மணிக்கணக்கை நீ பார்க்க?

வீட்டுல இருந்து வேலை பார்க்கிறதை என்னமோ கொரோனாவோட வந்த புதுமைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. உங்க ஆச்சியைக் கேளு. கோவில்பட்டிச் சுத்துவட்டாரத்துல பாதி வீட்டுப் பொம்பளைங்க அந்தக் காலத்துலயே வீட்டுல இருந்துதான் வேலை பார்த்தாக. தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்து சிலிப்புக் கட்டு வந்து இறங்கும். சாயங்காலம் சோறு ஆக்கி இறக்கிட்டு, பசைக் கிண்ணத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காருவா. ஆள்காட்டி விரல்ல பசையைத் தொட்டு ஒரு இழுப்பு, ஒரு மடிப்பு, ஒரு பெட்டி. கண்ணு அங்க இருக்காது. வாய் பக்கத்து வீட்டுக்காரியோட வம்பளக்கும், கால் தொட்டில்ல கிடக்கிற உங்கப்பனை ஆட்டும். 144 பெட்டி சேர்ந்தா ஒரு குரோஸ். குரோசுக்கு இன்ன கூலி. பசை தீர்ந்துச்சுன்னா கையைக் கழுவிட்டு எந்திரிச்சிருவா. கூலி அநியாயத்துக்குக் குறைச்சல்தான், அதை நான் புகழல. ஆனா ஒட்டாத பெட்டிக்கு ஒருத்தியும் காவல் இருந்ததில்ல. ராத்திரி ஆபீஸ்க்காரன் வந்து எட்டிப் பார்ப்பான்னு வெறுங்கையால பசை தடவுற மாதிரி நடிச்சதும் இல்ல. நீ மாசம் லட்ச ரூபா வாங்கிக்கிட்டு அந்த நடிப்பு நடிக்க.

வேலை போற பயத்தையும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். தீப்பெட்டி விலை 2007ல ஒரு ரூபா ஆச்சு. அது ரெண்டு ரூபா ஆக 2021 டிசம்பர் 1 வரைக்கும், 14 வருசம், காத்துக் கிடந்தோம். அதுக்குள்ள மெழுகு ஏறிச்சு, அட்டை ஏறிச்சு, மிஷின் வந்துச்சு, சீனாக்காரன் பிளாஸ்டிக் லைட்டர் வந்துச்சு. இருவது ரூபாய்க்குக் குறைஞ்ச லைட்டர் இறக்குமதி கூடாதுன்னு அரசாங்கம் 2023 ஜூன்லதான் கதவைச் சாத்துச்சு. அதுக்கு முன்னாலயே எத்தனை ஆபீஸ் பூட்டிப் போச்சு. தீக்குச்சிக் கட்டை அடுக்கின பொம்பளைங்க நூல் மில்லுக்குப் போனாளுக, நூறு நாள் வேலைக்குப் போனாளுக. ஒருத்தியும் "எனக்குத் திறமை பத்தல, அதான் போச்சு"ன்னு மூலையில உக்காந்து அழல. லைட்டர் வந்தா தீப்பெட்டி படுக்கும்னு அவளுக்குத் தெரியும். உனக்கு எம்.டெக். படிச்சும் அது தெரியல. அமெரிக்காக்காரன் வேலை குடுக்கத் தயங்கினா அதுக்கு நீ என்னலே பண்ணுவ?

நம்ம நிலம் வானம் பார்த்த பூமி. உன் வேலையும் அதேதான். கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள ஏ.சி. போட்டு வச்சிருக்கிறதால உனக்கு ஆத்துப் பாசனம் மாதிரித் தோணுது. கரிசக்காட்டுச் சம்சாரி புரட்டாசியில விதைப்பான். மழை வந்தா உளுந்து, வராட்டி உருமாலைத் துண்டைத் தலைக்கு வச்சுப் படுத்துக்குவான். வராத மழைக்காக ராத்திரியெல்லாம் காட்டுல முழிச்சு உக்காந்திருந்தவன் ஒருத்தன் உண்டா? ஆனா ஒண்ணு, குலுக்கையில அடுத்த வருசத்து விதையும் ஆறு மாசத்துத் தவசமும் இல்லாம எந்தச் சம்சாரியும் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டான். நீ என்ன பண்ணின? நாலு வருசம் மழை பெஞ்சதுமே நாவலூர்ல பன்னெண்டாவது மாடியில வீடு. இருவது வருசத்துக்கு இ.எம்.ஐ. அதுக்கு மேல காருக்கு ஒண்ணு, கல்யாணத்துல ட்ரோன் விட்டுப் படம் எடுத்ததுக்கு ஒண்ணு. குலுக்கையைத் தட்டினா டங்குனு சத்தம் வருது. உன்னை ராத்திரி தூங்கவிடாதது மேனேஜர் இல்லடே, மாசம் அஞ்சாந்தேதி.

காரை வித்துரு. சொன்னா உனக்குக் கோவம் வரும். வந்தா வரட்டும்.

2008 செப்டம்பர்ல அமெரிக்காவுல லேமன் பிரதர்ஸ் விழுந்தப்போ உங்க சித்தப்பன் சிறுசேரியில இருந்தான். நியூயார்க்ல பேங்க் விழுந்ததுக்கு இவன் ஆபீஸ்ல முதல்ல காபி மிஷினைத் தூக்கினாங்க, அப்புறம் இவனைத் தூக்கினாங்க. ஊருக்கு வந்தான். லீவுன்னான். செவ்வாக்கிழமை காலையில பதினோரு மணிக்குச் சலூன் பெஞ்சுல தினத்தந்தி படிச்சுக்கிட்டு இருந்தவனைப் பார்த்த அன்னைக்கே ஊருக்குத் தெரிஞ்சு போச்சு. யாரும் ஒண்ணும் கேக்கல. எங்க ஊருக்கு உள்ள ஒரே நாகரிகம் அதுதான், மத்ததெல்லாம் கேப்பாக. அவன்தான் மூணு மாசம் எல்லார்கிட்டயும் லீவு லீவுன்னு சொல்லி இளைச்சுப் போனான். அப்புறம் கோயம்புத்தூர்ல வேற வேலை கிடைச்சது, சம்பளம் குறைச்சல், இப்ப தொப்பையோட நல்லா இருக்கான். அந்த மூணு மாசம் உண்மையைச் சொல்லியிருந்தா, ரெண்டு பேரு கிட்டயாவது வேலைக்குச் சொல்லி வச்சிருப்போம். உன் பொண்டாட்டிகிட்ட முதல்ல சொல்லு. உன் பயத்தை அவ கண்டுபிடிச்சு ரொம்ப நாளாச்சு, நீ சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருக்கா.

உங்கப்பன் குரூப் 4 எழுதச் சொல்லுதான். எழுது, வேண்டாங்கல. 2024ல 6,244 இடத்துக்கு 20 லட்சம் பேர் விண்ணப்பம் போட்டாங்க. அந்தக் கூட்டத்துல உங்கப்பன் மட்டும்தான் உன்னை எங்கேன்னு தேடுவான்.

இனி விளையாட்டை விட்டுட்டு ஒரு விசயம் சொல்லுதேன், காதைக் குடு. நானும் தீப்பெட்டி ஆபீஸ்ல சங்கத்துக்குச் சந்தா கட்டினவன்தான். ஒரு நாள் எச்.ஆர். உன்னை ஒரு சின்ன ரூமுக்குக் கூப்பிடுவாக. தண்ணி பாட்டில் வச்சிருப்பாக. "நீங்களே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா உங்க ரெக்கார்டுக்கு நல்லது"ன்னு தேனொழுகச் சொல்லுவாக. உன் மேல பாசம்னு நினைச்சுராத. 1947ல வந்த தொழிற்தகராறு சட்டம், ஒரு வருசமாவது வேலை பார்த்த தொழிலாளியை ஆள்குறைப்புன்னு அனுப்பினா ஒரு மாச நோட்டீசும், வேலை பார்த்த வருசத்துக்கு 15 நாள் சம்பளமும் குடுன்னு சொல்லுச்சு. 2025 நவம்பர் 21ல அதைப் புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள்ள மடிச்சு வச்சுட்டாக. அந்த 15 நாள் அங்கயும் இருக்கு. ராஜினாமா எழுதினவனுக்கு அந்த நஷ்டஈடு கிடையாது. அஞ்சு வருசம் முடிச்சிருந்தா கிராஜுவிட்டி ராஜினாமாவுல போனாலும் ஆள்குறைப்புல போனாலும் உண்டு, அதை அவுக தயவுன்னு சொன்னா நம்பாத. நீ 'லீட்', 'மேனேஜர்'னு பேருக்குப் பின்னால போட்டுக்கிட்டா சட்டம் உன்னைத் தொழிலாளியா எண்ணுமான்னு ஒரு சிக்கல் வரும். பட்டத்தைப் பார்க்கமாட்டாக, நிசமா என்ன வேலை பார்த்தேங்கிறதைத்தான் பார்ப்பாக. அதனால அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர், சம்பளச் சீட்டு, அப்ரைசல் கடுதாசி எல்லாத்தையும் இன்னைக்கே வீட்டு மெயிலுக்கு எடுத்து வை. லேப்டாப்பைப் பிடுங்கினப்புறம் தேடாத. ஐ.டி.க்காரனும் சங்கம் வைக்கலாம்னு 2016லயே தமிழ்நாடு அரசு தெளிவாச் சொல்லியாச்சு. சென்னையில சங்கமும் இருக்கு, தொழிலாளர் துறை ஆபீசும் இருக்கு. வெக்கப்படாம ஏறு.

அந்த ரூம்ல மட்டும் எதுலயும் கையெழுத்துப் போட்டுராத. ரெண்டு நாள் டயம் கேளு. குடுக்கமாட்டேன்னு சொன்னா, "தாத்தா செத்துட்டாரு, உடனே ஊருக்குப் போகணும்"னு சொல்லிட்டு எந்திரிச்சு வா. லீவுக்காக என்னை ஏற்கெனவே ரெண்டு தடவை கொன்னவன்தான நீ, இந்தத் தடவையாவது உருப்படியான காரியத்துக்குக் கொல்லு.