பத்து ஐம்பதுக்கு முடிய வேண்டிய ஆட்டம்

காலையில் பால் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் கேட்டார்: "கண்ணு என்ன சார் செவந்து கெடக்கு? வீட்டுல எதும் பிரச்சினையா?"

வீட்டில் ஒன்றுமில்லை. மழைதான் பிரச்சினை. அதுவும் நாகர்கோவிலில் பெய்த மழை இல்லை. எங்கோ வடக்கே ஒரு மைதானத்தில் தூறியது. தார்ப்பாயை மூடினார்கள், திறந்தார்கள், நடுவர்கள் குடையோடு வந்து புல்லைத் தடவிப் பார்த்தார்கள். வடிவீஸ்வரத்தில் உட்கார்ந்து நானும் தடவிக்கொண்டிருந்தேன்.

  முதலில் இந்த நேரக் கொடுமையின் கணக்கு.

2019 வரை ஐபிஎல் இரவு ஆட்டம் 8 மணிக்கு. 2020-ல் அமீரகத்தில் நடத்தியபோது 7.30 ஆக்கினார்கள், அதுவே நிலைத்தது. அரை மணி லாபம் என்று குதித்தோம். அதை ஆட்டமே தின்றுவிட்டது. சட்டப்படி ஓர் இன்னிங்ஸ் 90 நிமிடம், இடைவேளை 20. ஆக 10.50-க்கு எழுந்து படுக்கப் போயிருக்க வேண்டும். இந்த 10.50-ஐ நம்பித்தான் தினமும் மனைவியிடம் சத்தியம் செய்கிறேன்.

நடப்பது என்ன? பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கி, நிற்பார். கேப்டன் வருவார். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவார்கள். உதட்டைப் படித்து நான் எதிரணிக்குச் சொல்லிவிடுவேனாம். பேசி முடித்து ஷார்ட் தேர்டில் நிற்கிறவரை இரண்டடி இடப்பக்கம் நகர்த்துவார்கள். பந்து அவர் தலைக்கு மேலே கூட்டத்துக்குள் போய் விழும். தேட வேண்டும். கிடைத்தால் பனியில் நனைந்திருக்கும், துண்டால் துடைக்க வேண்டும். அடுத்தது வைடு. வைடுக்கும் இப்போது ரிவ்யூ கேட்கலாம். மூன்றாம் நடுவர் குளிர் அறையில் இருந்துகொண்டு பக்கவாட்டில் காட்டு, பின்னால் காட்டு, நிறுத்து, உருட்டு என்பார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை கோணத்தில் பார்த்ததில்லை. பிறகு கையுறை மாற்றம். கையுறையோடு தண்ணீர். தண்ணீரோடு ரகசியச் செய்தி. அப்புறம் ஸ்ட்ராட்டஜிக் டைம் அவுட், இரண்டரை நிமிடம். அதுவரை பேசாமல் இருந்தவர்கள் மாதிரி வட்டமாக நின்று பேசுவார்கள். மணி 10.50. பதினாறாவது ஓவர்.

"இன்னும் தீரலியா?" என்று உள்ளேயிருந்து குரல்.

"நாலு ஓவர்தான்."

"காலத்த சோலிக்குப் போவாண்டாமா?"

2023 இறுதியாட்டம் இதைவிட மோசம். மே 28-ல் நடக்க வேண்டியது மழையால் 29-க்குப் போனது. சென்னை மூன்று பந்து ஆடியதும் மறுபடி மழை. நள்ளிரவு 12.10-க்குத் தொடங்கினார்கள், 15 ஓவரில் 171. மோஹித் சர்மாவின் கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா ஆறும் நாலும் அடித்தபோது தேதி மே 30. தெருவில் எவனோ வெடி போட்டான். "சவத்துப் பய" என்று எதிர்வீட்டுப் பாட்டி வாசலுக்கு வந்து ஏசினாள். ஏசி முடித்து, "தோனி செயிச்சானா மக்களே?" என்றாள்.

எங்கள் கடலோரம் தூத்தூர், இரவிபுத்தன்துறைப் பக்கம் போனால் பந்து என்றாலே கால்பந்துதான். 2014 பிரேசில் உலகக்கோப்பை இறுதி நமக்கு நள்ளிரவு 12.30. ராத்திரியில் கடலுக்குப் போகிறவர்களுக்கு அதெல்லாம் ஒரு நேரமா? புலம்பல் எங்களைப் போன்ற ஆபீஸ்காரர்களுக்குத்தான். ஐரோப்பாக்காரன் 2026 முதல் சாம்பியன்ஸ் லீக் இறுதியை மூன்று மணி நேரம் முன்னுக்கு இழுத்துவிட்டான். ஆட்டம் பார்த்தவர்கள் வீடு திரும்ப பஸ், ரயில் கிடைக்கட்டும், பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று. நமக்கு அது இரவு 9.30. இங்கே நேரம் குறிக்கிறவர்களுக்கு விளம்பரம்தான் பிள்ளை, குட்டி எல்லாம்.

சில நாட்களில் பகல் 3.30 ஆட்டமும் உண்டே என்பீர்கள். உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தீயல், அவியல், பருப்புப் பாயசம் என்று ஒரு பிடி பிடித்துவிட்டு டிவி முன்னால் சாய்வேன். டாஸ் ஞாபகம் இருக்கிறது. விழித்துப் பார்த்தால் யாருக்கோ பெரிய அட்டையில் செக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த அணிக்காரன் என்று மனைவிதான் சொல்ல வேண்டும்.