சிற்றுடைமையாளர்

விருதுநகர் மாவட்டத்துச் சமூக வகைகளை விவரிக்கப் புகுவோர் கமிஷன் மண்டிக்காரர், அச்சகக்காரர், பட்டாசு ஆலை முதலாளி, பங்குனிப் பொங்கலுக்கு வரி பிரிப்பவர் ஆகியோருக்கு உரிய இடத்தை அளித்துவிட்டு, அண்மையில் தலையெடுத்துள்ள ஒரு வகையினரைக் கவனியாமல் விட்டுவிடுகின்றனர். தேவைக்கு மிஞ்சிய பொருள்களை வெளியேற்றிக் குறைந்த உடைமைகளோடு வாழ்வதாகிய மினிமலிசம் என்னும் கொள்கையைக் கைப்பேசிக் காணொளிகளின் வழியே கற்று, அதைத் தம் வீட்டாரின் மீது நடைமுறைப்படுத்தும் இவரைச் சிற்றுடைமையாளர் என்று வழங்கலாம். இவர் நாற்பதைக் கடந்தவர், தகப்பனார் விட்டுச்சென்ற மண்டியோ அச்சகப் பங்கோ உடையவர், கடன் இல்லாதவர். மூன்றாவது தகுதி இன்றியமையாதது. ஏனெனில் வட்டி கட்டுகிறவர் வீட்டில் பாத்திரம் குறைந்தால் அதற்கு ஊரார் கூறும் காரணம் வேறு.

இக்கொள்கை வேரூன்றுவதற்கு இதைவிடக் கடினமான மண் தமிழகத்தில் அரிது. விருதுநகரின் வணிகமே பருப்பையும் வத்தலையும் எண்ணெயையும் வாங்கி இருப்பு வைத்து, விலை ஏறும்வரை பொறுத்திருக்கும் கலையின் மேல் எழுந்தது. அக்கலை கிட்டங்கியோடு நில்லாமல் வீட்டுப் பரணுக்கும் ஏறியிருப்பதால், மூன்று தலைமுறைச் சீர்வரிசைப் பாத்திரங்கள் அங்கே விலை ஏறுவதற்காகக் காத்திருக்கின்றன. சிவகாசியோ, நாடு முழுவதற்கும் நாட்காட்டியும் டைரியும் அச்சிட்டு அனுப்புவதால், அச்சகத்தில் உறவினர் ஒருவரேனும் இல்லாத குடும்பமே இல்லை என்னும்படியான ஊர். அவ்வூருக்குக் குட்டி ஜப்பான் என்று நேரு பெயரிட்டதாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பெயருக்கு ஏற்பவே, வீட்டை ஒழுங்குபடுத்தும் முறை குறித்து எழுதிப் புகழ்பெற்ற மாரி கோண்டோவின் உபதேசம் பெரிய ஜப்பானிலிருந்து, 2019இல் வெளிவந்த நெட்ஃபிளிக்ஸ் தொடரின் வழியாக, இங்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, அது மனத்துக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று பார்த்து, தராததை நன்றி கூறி அனுப்பிவிட வேண்டும் என்பது அதன் சாரம். மூன்று பிள்ளைகள் பிறந்தபின் வீட்டை அவ்வளவு ஒழுங்காக வைத்திருப்பதைத் தாம் ஏறக்குறைய விட்டுவிட்டதாக அவ்வம்மையாரே 2023இல் கூறிவிட்ட செய்தி சிற்றுடைமையாளருக்கு இன்னும் எட்டவில்லை. எட்டியிருந்தாலும் அதை வீட்டில் சொல்லியிருக்கமாட்டார்.

இவருடைய முதல் நடவடிக்கை எப்போதும் நாட்காட்டிகளின் மேல்தான் பாய்கிறது. ஆடிப் பெருக்கன்று புதிய நாட்காட்டி ஆல்பங்கள் சிவகாசியில் வெளியிடப்பட்டு, அவற்றைப் பார்த்து வணிகர்கள் கொடுக்கும் ஆர்டர்கள் மார்கழிக்குள் அச்சேறி முடிவதால், தை பிறக்கும் முன்பே நகைக்கடை, உரக்கடை, மருந்துக்கடை, கூட்டுறவுச் சங்கம் என எல்லாத் திசைகளிலிருந்தும் நாட்காட்டிகள் வீடு வந்து சேர்கின்றன. அனைத்தையும் கழற்றிவிட்டு வெண்சுவரைப் பார்த்து மூன்று நாள் பெருமிதம் கொள்ளும் சிற்றுடைமையாளர், நான்காம் நாள் மதுரைக்குப் புறப்படுகையில், வடக்கே சூலமா என்று மனைவியார் கேட்க, விடை அறியாமல் விழிக்கிறார். கைப்பேசி சொல்லும் சூலத்தை அம்மையார் ஒப்புக்கொள்வதில்லை. தேதித்தாளைக் கிழித்தால்தான் நாள் நகர்கிறது என்பது அச்சுத்தொழில் மாவட்டத்தின் உறுதியான நம்பிக்கை. ஆகவே அன்றுமுதல் பக்கத்து வீட்டு நாட்காட்டி இரு குடும்பங்களுக்குப் பொதுவாகிறது.

சிற்றுடைமையின் உண்மையான இயக்கவிதி இங்கேதான் வெளிப்படுகிறது. பொருள் அழிவதில்லை, வீடு மாறுகிறது. பித்தளை அண்டா திருத்தங்கலில் இருக்கும் கொழுந்தியாள் வீட்டுக்கும், பழைய கிரைண்டர் சாத்தூரில் இருக்கும் தம்பி வீட்டுக்கும், ஏணி யாரென்று நினைவில்லாத ஒருவர் வீட்டுக்கும் போய்விட, துறந்தவரின் வீடு காற்றோட்டம் பெறுகிறது; பெற்றவர்களின் பரண் வளைகிறது. ஏணி போன மறுவாரமே எதிர்வீட்டு வாசலில் "அண்ணாச்சி, ஏணி இருக்கா? விசிறி மாட்டணும்" என்ற குரல் கேட்கிறது. அதற்கு எதிர்வீட்டு அண்ணாச்சி, "போன மாசம்தான தம்பி, ஏணியெல்லாம் எதுக்குன்னு கேட்டீக?" என்று கேட்டுக்கொண்டே ஏணியை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். இந்த அண்ணாச்சிகள் எதையும் வெளியே போடாதவர்கள் என்பதால்தான் சிற்றுடைமையாளரால் அனைத்தையும் வெளியே போட முடிகிறது.

தீபாவளி நெருங்கும்போது கொள்கை சற்றே வளைந்து கொடுக்கிறது. பட்டாசு ஒன்றே உலகின் முழுமையான மினிமலிசப் பொருள் என்பது இவரது வாதம்: வாங்கியவுடன் தீர்ந்துபோகிறது, பரணில் இடம் பிடிப்பதில்லை, பிள்ளைகளுக்குச் சொத்தாகப் போய்ச் சண்டை மூட்டுவதுமில்லை. வாதத்தில் குறை காண இயலாது என்பதால் பெரிய கிஃப்ட் பாக்ஸ்களாகவே வாங்குகிறார். மறுநாள் காலையில் தெருவில் கிடக்கும் காகிதக் குப்பை நகராட்சியின் உடைமை.

இவ்வளவு தொலைவு சென்று இவர் கற்கும் பாடம் இவருடைய ஊரைச் சுற்றியே நடந்துகொண்டிருக்கிறது என்பதுதான் வேடிக்கை. பட்டாசு ஆலையில் கையிருப்பைக் குறைத்து வைத்திருப்பது சட்டம். பணியறைகள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டப்பட வேண்டும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கலாகாது. மருந்து எனப்படும் வெடிக்கலவை அனுமதித்த அளவுக்கு மேல் அங்கே சேரக்கூடாது. அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். இவ்விதிகள் மீறப்பட்டு ஆளும் மருந்தும் ஓரறையில் குவிந்ததே காரணம் என்று விபத்து விசாரணைகள் திரும்பத் திரும்பக் கூறியுள்ளன. நாள் கூலிக்கு அங்கே அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு, மிகை என்பது மனத்துக்குச் சுமையாகும் ஒன்றன்று, உயிரை எடுக்கும் ஒன்று என்பது எந்தக் காணொளியும் இல்லாமலே தெரியும்.

சிற்றுடைமையாளர் தம் வெண்சுவரில் விட்டுவைத்திருக்கும் ஒரே படம் காமராஜருடையது. விவாதங்களில் கடைசி அஸ்திரமாக அவரையே எடுப்பார். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்து, 1975 அக்டோபர் 2 அன்று சென்னையில் வாடகை வீட்டில் மறைந்தபோது, அவர் விட்டுச்சென்றவை சில வேட்டி சட்டைகளும் புத்தகங்களும் சிறிதளவு பணமுமே என்பது உண்மை. ஆனால் காமராஜர் எதையும் வெளியேற்றியவர் அல்லர், முதலிலேயே சேர்க்காதவர். தமக்கு எத்தனை வேட்டி என்று எண்ணிப் பார்த்துப் பெருமைப்பட்டவராகவும் தெரியவில்லை. விருதுநகரில் அவர் படித்த சத்திரிய வித்யாசாலை, வீடுதோறும் பிடியரிசி ஒதுக்கித் திரட்டி நடத்தப்பட்ட பள்ளி. வணிகர்கள் விற்பனையில் ஒரு பங்கைப் பொதுக்காரியத்துக்கு எடுத்துவைக்கும் மகமை வழக்கமும் அவ்வூருடையதே. தனி வீட்டில் குறைந்தது ஊர்ப்பொதுவில் கூடிற்று, கொழுந்தியாள் வீட்டுப் பரணில் அன்று.

எனினும், குறைவான பொருளால் விளையும் நன்மைகள் பொய்யல்ல. பெருக்குவதற்கு நேரம் குறைகிறது. தேடுவதற்கு அலைய வேண்டியதில்லை. தள்ளுபடி விளம்பரத்தைக் கண்டால் கை பைக்குள் போவதில்லை. சிற்றுடைமையாளரின் மனைவியாரே இவற்றை ஒப்புக்கொள்கிறார், இட்லிக் கொப்பரை போனதைத் தவிர. ஆகையால், இத்தகையவர் ஒருவரிடமிருந்து பாத்திரமோ ஏணியோ இலவசமாகப் பெறும் வாசகர்கள், பொங்கலுக்கு உறவினர் வரும்வரை அதை விற்றுவிடாமல் வைத்திருப்பார்களாக, திரும்பக் கேட்பார்.