ஜாகுவாரா, போர்ஷேயா? ஒரு தடைக்கால வழக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாளைக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. வலை பொத்துவது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது போக மிச்சமிருக்கும் நேரத்தில் கோட்டைப்பட்டினத்து டீக்கடைகள் உயர்நீதிமன்றங்களாகிவிடும். ஜாகுவார் ஈ-டைப் பெரிதா, போர்ஷே 911 பெரிதா என்ற வழக்கு அங்கேதான் விசாரணைக்கு வந்தது. வாதிகள்: துபாயில் டிரைவராக இருந்து திரும்பிய மாமா, யூடியூபிலேயே லைசென்ஸ் எடுத்த என் மச்சான்.

மச்சான் ஜாகுவார் கட்சி. 1961-இல் ஜெனீவா கண்காட்சியில் இறங்கிய வண்டி, 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர், 265 குதிரைத்திறன். மணிக்கு 240 கிலோமீட்டர் போகும் என்றது கம்பெனி.

"ஈசிஆர்ல மிதிச்சா டீ ஆறுறதுக்குள்ள மணமேல்குடி, மாமா!"

"குறுக்க ஆடு வந்தா?"

மச்சானிடம் அதற்கான வீடியோ இல்லை.

மாமாவின் போர்ஷே 1963-இல் பிராங்க்பர்ட்டில் 901 என்ற பெயரோடு வந்தது. நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கப் பெயர்கள் தனக்கே சொந்தம் என்று பிரான்சின் பெஜோ கம்பெனி மல்லுக்கு நிற்க, அது 911 ஆனது. இரண்டு லிட்டர், 130 குதிரைத்திறன், வேகம் 210 கிலோமீட்டர்.

"பாதிக் குதிரையில முப்பது கிலோமீட்டர்தான் கம்மி. ஒங்க வண்டியில மிச்சக் குதிரையெல்லாம் தின்னுட்டுத் தூங்குதா மாப்ள?"

அடுத்து சூடு. நெரிசலில் நின்றால் கொதிப்பதில் ஈ-டைப் பேர் போனது. அந்தக் கால 911-க்கு ரேடியேட்டரே கிடையாது; காற்றிலேயே ஆறும். "மே மாசத்துல நம்மூரு காத்துல எது ஆறும் மாமா?" என்றான் மச்சான். அவனுக்குக் கிடைத்த முதல் பாயின்ட்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த படகு மெக்கானிக் இன்னொன்றும் கொடுத்தார்: "போர்ஷேக்கு இஞ்சின் பின்னாடியாமே? ஃபைபர் போட்டு மாதிரி, வெடுக்குனு திருப்புனா வாலு வீசும்." உண்மைதான். 1969 மாடலில் சக்கர இடைவெளியை 57 மில்லிமீட்டர் நீட்டித்தான் கம்பெனி அந்த வாலை அடக்கியது.

சேகரிப்பு மதிப்புக்கு வந்தோம். ஈ-டைப் 72,000-க்கும் மேல் தயாரானது. ஆனாலும் அழகுக்காக 1996-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ஒன்றைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. 901 என்ற பெயரில் உருவானவை 82 மட்டுமே. அதில் ஒன்று 2014-இல் ஒரு ஜெர்மன் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடைக்க, போர்ஷே கம்பெனியே வாங்கி, மூன்று வருடம் பழுது பார்த்துத் தன் அருங்காட்சியகத்தில் நிறுத்தியது.

"துருவுக்கு இவ்வளவு மரியாதைன்னா என் பட்டறையே மியூசியந்தான்," என்றார் மெக்கானிக்.

மத்திய அரசின் 2021 விதிகளை யாரும் யோசிக்கவில்லை. ஐம்பது வயது தாண்டி, அசல் மாறாத வண்டியை 20,000 ரூபாய் கட்டிப் பழம்பெரும் வண்டியாகப் பதியலாம். ஆனால் கண்காட்சி, பேரணி, பழுது பார்ப்பது, எரிபொருள் நிரப்புவது போன்றவற்றுக்குத்தான் சாலையில் இறக்கலாம். பெட்ரோல் போடப் போகலாம். மீன் வாங்கப் போகக்கூடாது.

ஆக, தீர்ப்பு: ஓட்ட ஆசையென்றால் போர்ஷே, பார்த்துக்கொண்டே இருக்க ஆசையென்றால் ஜாகுவார். எதை வாங்கினாலும் உப்புக்காற்று படாத ஊரில் நிறுத்துங்கள். மீன் வாங்க டிவிஎஸ் எக்ஸ்எல் போதும்.